புல் முளைத்த தடம்

‘கார்ஸ்’ படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே சினிமா தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிக்ஸார் எடுத்தவற்றில் கடைசி வரிசை அதுதானாம். பொம்மை விற்பதற்கென்றே எடுத்த படமாம். அதிலும் 2017இல் வந்த மூன்றாம் பாகம் வெறும் பழம்பெருமையாம். அந்தப் பாகத்தின் நடுவே தாமஸ்வில் ஸ்பீட்வே என்று பாழடைந்த பந்தயத் தடம் ஒன்று வருகிறதே, அது எதற்கு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. ‘அந்தக் காலம் பொற்காலம், இந்தக் காலம் கம்ப்யூட்டர் வந்து கெட்டுப்போன காலம் என்று சொல்லி நம்மைக் கண் கலங்க வைக்கப் போட்ட செட்.’ விமர்சகர்கள் முதல், லீவு நாளில் பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய் வந்த அப்பாக்கள் வரை இதே பேச்சுதான்.

இந்தப் பேச்சு தவறு. ஆளாளுக்கு ரசனை வேறு என்று விட்டுவிடக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. திரையில் நடப்பதைப் பார்க்காமலே சொல்கிறார்கள் என்பதுதான் என் குறை. தாமஸ்வில் காட்சிகளை நான் ஏழெட்டு முறையாவது பார்த்திருப்பேன். முதல் இரண்டு முறை அக்கா மகனுக்காக, பிறகு எனக்காக. ஒவ்வொரு முறையும் அந்தத் தடம் ஏக்கத்துக்கு எதிராகவே பேசுகிறது.

கதையை மறந்தவர்களுக்குக் கொஞ்சம். லைட்னிங் மக்குவீன் என்ற சிவப்புக் கார் பல வருடம் ஜெயித்துப் புகழோடு இருக்கிறான். ஜாக்சன் ஸ்டார்ம் என்று புதுத் தலைமுறைக் கார் ஒன்று சிமுலேட்டரில் பழகி, காற்றைக் கிழிக்கும் உடம்போடு வந்து அவனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்டார்மை எட்டிப் பிடிக்கப் போய் மக்குவீன் உருண்டு நொறுங்குகிறான். தேறி வந்த பிறகு புது முதலாளியின் நவீனப் பயிற்சிக்கூடத்தில் க்ரூஸ் ராமிரெஸ் என்ற மஞ்சள் கார் அவனுக்குப் பயிற்சி தருகிறாள். சிமுலேட்டரில் ஏறி அதையே உடைத்துவிடுகிறான். கடற்கரை மணலில் ஓடிப் பார்க்கிறான். இடித்து நொறுக்கும் பந்தயம் ஒன்றில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறான். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், இறந்துபோன குரு டாக் ஹட்சன் ஓடி வளர்ந்த தடத்தைத் தேடிப் போகிறான். அதுதான் தாமஸ்வில்.

அங்கே ஏக்கத்தோடு போகிறவன் மக்குவீன். படம் அந்த ஏக்கத்தோடு போகவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பழைய மண்ணில் நாலு சுற்று ஓடினால் பழைய வேகம் திரும்பும், குருவின் ரகசியம் ஏதாவது அகப்படும் என்று நம்பி அவன் வருகிறான். ஏக்கத்தை விற்கும் படமாக இருந்திருந்தால் அந்த நம்பிக்கையை நிறைவேற்றியிருக்கும். மண்ணைத் தொட்டதும் தெம்பு வந்து, இயந்திரத்தில் வளர்ந்த எதிரியைத் தோற்கடித்துவிட்டுத் திரும்பியிருப்பான். நடப்பது நேர்மாறு. டாக்கின் பழைய மெக்கானிக் ஸ்மோக்கி, ‘நீ இனி ஸ்டார்மைவிட வேகமாக ஓடப்போவதில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பயிற்சியின் முடிவில் அதே தடத்தில் க்ரூஸோடு ஓடுகிறான், தோற்கிறான். வேகத்தைத் தேடி வந்தவனுக்கு, வேகம் போய்விட்டது என்ற உண்மையைக் கையில் கொடுத்து அனுப்புகிற இடம் தாமஸ்வில். தன்னைவிடச் சின்னவளிடம் தன் சொந்தக் குருவின் தடத்திலேயே தோற்றதுதான், கடைசிப் பந்தயத்தின் பாதியில் ஒதுங்கித் தன் 95ஆம் எண்ணை அவளுக்கு விட்டுக்கொடுக்கும் மனத்தை அவனுக்குத் தருகிறது. இதைப் பழம்பெருமை என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

இன்னொரு வாதமும் உண்டு. ஃபார்முலா ஒன் பார்க்கும் நண்பர்கள் சொல்வது. ‘வட்டமாக இடது பக்கமே திரும்பிக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டா? அதில் தடத்துக்கு என்ன தனித்தன்மை? எல்லாம் ஒரே முட்டை வடிவம்.’ முட்டை வடிவம் என்றதும் எனக்குத் தெற்குக் கரோலினாவின் டார்லிங்டன் நினைவுக்கு வருகிறது. 1950இல் திறந்த அந்தத் தடத்தின் ஒரு கோடி அகலம், மறு கோடி குறுகல். காரணம் ஒரு மீன் குளம். நிலத்தை விற்றவர் தன் குளத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குளத்தை ஒதுக்கி வளைத்ததில் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அங்கே ஓடும் ஒவ்வொருவரும் இரண்டு கோடிக்கும் வேறு வேறு கணக்குப் போட்டே வண்டியைத் தயார் செய்கிறார்கள். வடக்குக் கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ தடத்தில் எதிர்ப்பக்கம் மேடு, முன்பக்கம் பள்ளம். 1947இல் கட்டியவர்களிடம் நிலத்தைச் சமன் செய்யப் பணம் போதவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். கார்கள் ஒரு நேர்கோட்டில் ஏறி மறு நேர்கோட்டில் இறங்குகின்றன. தடம் என்பது அந்த ஊர் நிலத்தின் சரித்திரம். ‘கார்ஸ்’ படங்களை வரைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. முதல் படம் தொடங்கும் மோட்டார் ஸ்பீட்வே ஆஃப் தி சவுத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் செங்குத்தாக ஜனம் உட்கார்ந்த கிண்ணம். டென்னசியின் பிரிஸ்டல் தடத்தை அறிந்தவர்கள் முதல் காட்சியிலேயே கண்டுகொள்வார்கள். அரை மைலைக் கொஞ்சம் தாண்டும் சுற்று, பதினைந்து வினாடியில் தலைசுற்ற வைத்துவிடும் தடம் அது.

பிரிஸ்டலின் சாயலில் ஜனக்கூட்டத்தை வரைந்தவர்கள், தாமஸ்வில்லில் ஜனமே இல்லாத தடத்தை வரைந்தார்கள். அங்கே இருப்பது மண், புல், காலி இருக்கைகள். மண்ணைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

தார்த் தடத்தில் டயர் சாலையைக் கவ்விப் பிடிக்கும். மண்ணில் கவ்வாது. களிமண் தடத்தைப் பந்தயத்துக்கு முன் தண்ணீர் விட்டு ஊறவைத்து, வண்டிகளை ஓட்டி இறுக்குவார்கள். பந்தயம் தொடங்கும்போது மண் ஈரமாக, கறுத்து, பிடிப்போடு இருக்கும். சுற்றுகள் ஏற ஏறக் காயும். காய்ந்த இடம் வெளுத்து, பளபளத்து, கண்ணாடி மாதிரி வழுக்கும். ஈரம் எங்கே மிச்சம் இருக்கிறதோ அந்த வழியைத் தேடி ஓட்டுநர் மேலே போவார், கீழே வருவார். நிறத்தைப் பார்த்துப் பிடிப்பைச் சொல்லத் தெரிந்தவன்தான் ஓட்டுநர். வளைவில் நுழையும்போது வண்டியின் பின்பகுதியை வெளியே தள்ளிவிட்டு, மூக்கை முன்கூட்டியே உள்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். சறுக்கல் எல்லை மீறாமலிருக்க ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். வண்டி இடது பக்கம் போகும், சக்கரம் வலது பக்கம் பார்க்கும். முதல் படத்தில் டாக் மக்குவீனுக்குக் கற்றுத்தரும் வித்தை இதுதான். அது புரியாமல் அவன் பள்ளத்தில் கள்ளிச்செடிக்குள் போய் விழுவான்.

அக்கா மகன் அந்தக் காட்சியை நிறுத்தி, ‘இடது பக்கம் போக எதுக்கு மாமா வலது பக்கம் திருப்பணும்?’ என்று கேட்டான். வாயால் சொன்னேன், ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து மழை விட்ட சாயங்காலம் தெருமுனை மண் திடலில் சைக்கிளை வேகமாக மிதித்து வந்து பின் பிரேக்கைப் பிடித்தான். பின் சக்கரம் சேற்றில் ஒரு பக்கம் ஒதுங்கியது. அவன் கை தானாக ஹேண்டில்பாரை அதே பக்கம் ஒடித்தது. விழவில்லை. காலை ஊன்றி நின்று, முழங்கால் வரை சேற்றோடு, திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகம் இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. சொல்லித் தெரியாதது மண்ணில் ஒரு சறுக்கலில் தெரிந்துவிட்டது. சிமுலேட்டரை உடைத்துவிட்டு மக்குவீன் மண் தடத்துக்குப் போவதில் இருக்கிற நியாயம் இது. க்ரூஸ் அங்கே போனதில் இருக்கிற நியாயமும் இதே.

டாக் ஹட்சன் ஏன் 1951ஆம் வருட ஹட்சன் ஹார்னெட் காராக வரையப்பட்டார் என்பதற்கும் மண்தான் காரணம். ‘அழகான பழைய கார், அதனால் போட்டார்கள்’ என்கிறவர்கள் அந்தக் காரின் கதவைத் திறந்து பார்த்ததில்லை. ஹார்னெட்டின் தரை, சட்டத்தின் மேலே உட்காராமல் சட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். உள்ளே போகிறவர் படி இறங்குவதுபோல் காலைத் தாழ்த்தி வைக்க வேண்டும். எடையெல்லாம் தரையோடு ஒட்டி இருந்ததால் மண் வளைவில் கார் கவிழப் பார்க்காமல் தட்டையாகச் சறுக்கியது. போட்டிக்கு நின்ற ஓல்ட்ஸ்மொபைல்களில் எட்டு சிலிண்டர், ஹார்னெட்டில் ஆறு. ஆனாலும் 1952இல் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதன்மைத் தொடரில் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன்கள் வென்றன. 1951லும் 1953லும் சாம்பியன் ஹெர்ப் தாமஸ், 1952இல் டிம் ஃப்ளாக். இருவரும் ஓட்டியது ஹட்சன். படத்தில் டாக் வென்ற மூன்று பிஸ்டன் கோப்பைகளும் அதே மூன்று வருடத்துக் கோப்பைகள்.

டாக் விபத்தில் அடிபட்டு, தேறித் திரும்பி வந்தபோது உன் காலம் முடிந்தது என்று விரட்டப்பட்டாரே, அந்த விபத்து நடந்த வருடம் 1954. அதே 1954இல்தான் ஹட்சன் கம்பெனி நாஷ் கம்பெனியோடு இணைந்து தன் தனி வாழ்க்கையை முடித்துக்கொண்டது. தாமஸ்வில்லில் நாம் சந்திக்கும் மூத்த வீராங்கனை லூயிஸ் ஒரு நாஷ் கார். டாக்குக்கும் அவளுக்கும் பழைய ஈர்ப்பு இருந்ததாகப் படம் ஜாடையாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. கம்பெனி வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த ஜாடை எவ்வளவு பொருத்தம் என்று புரியும். பொம்மை விற்க மட்டும் எடுத்த படத்தில் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அந்தப் பொம்மை வாதத்தை இத்தோடு விடுகிறேன். பொம்மைகள் விற்றன, ஏராளமாக விற்றன, மறுக்கவில்லை. என் அக்கா வீட்டிலேயே பதினோரு கார் கிடக்கிறது. அதனால் படம் பொய்யாகிவிடாது.

இனி, பொற்காலம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தாமஸ்வில்லில் மக்குவீனை வரவேற்பவர்கள் யார்? ஸ்மோக்கியைத் தவிர மூன்று பேர். மூவரின் வாழ்க்கையையும் அறிந்தவர்கள் யாரும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஜூனியர் மூன் என்ற பாத்திரத்துக்கு மூலம் ஜூனியர் ஜான்சன். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரேதான். நார்த் வில்க்ஸ்பரோ இருக்கும் வில்க்ஸ் மாவட்டத்துக்காரர். குடும்பத் தொழில் கள்ளச்சாராயம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மலைச் சாலையில் சரக்கு ஏற்றிய காரைப் போலீசுக்குப் பிடிகொடுக்காமல் ஓட்டிப் பழகியவர். படத்தில் மூனுக்கு நள்ளிரவு என்ற பட்டப்பெயர் வந்தது அதனால். தந்தையின் சாராய உலையில் 1956இல் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்து மறுபடி ஓடினார். அவர் ஜெயித்தது மொத்தம் 50 பந்தயம். 1960இல் டேட்டோனாவில் முன்னால் போகும் காரின் முதுகில் ஒட்டிக்கொண்டால் காற்று தன் காரையும் இழுத்துப் போகிறது என்று கண்டுகொண்டு, வலுவான கார்களை வென்றார். அவருக்கு அரசு மன்னிப்பு வந்தது 1986இல்தான். படத்தில் பயிற்சி இரவில், காட்டுக்குள், விளக்கில்லாமல் நடக்கிறது. அது குழந்தைகளுக்கான வேடிக்கை என்று நினைத்தால் அந்த மலைச் சாலைகளைப் பற்றிக் கேள்விப்படவில்லை என்று அர்த்தம்.

லூயிஸ் நாஷுக்கு மூலம் தெற்குக் கரோலினாவின் லூயிஸ் ஸ்மித். 1947இல் டேட்டோனாக் கடற்கரைப் பந்தயத்தைப் பார்க்கத்தான் போனார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கணவர் வாங்கியிருந்த புத்தம் புது ஃபோர்டைப் பந்தயத்தில் இறக்கினார், நொறுக்கினார். ஊர் திரும்பி, வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று சொன்னாராம். கணவர் அன்றைய பேப்பரை எடுத்து நீட்டினாராம், அதில் அந்த நொறுங்கிய காரின் படம். பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்ட காலத்தில் 38 பந்தயம் ஜெயித்தவர் அவர்.

ரிவர் ஸ்காட்டுக்கு மூலம் வெண்டெல் ஸ்காட். வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த கறுப்பர். தன் காரைத் தானே பழுது பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையே உதவிக்கு வைத்துக்கொண்டு ஓடியவர். 1963 டிசம்பர் 1 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் மண் தடத்தில் எல்லோரையும்விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். வெற்றிக் கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் ஜெயித்ததாக அறிவித்து, அவரிடம் கோப்பையைக் கொடுத்து, விழாவையும் முடித்துவிட்டார்கள். ஜனம் கலைந்து சில மணி நேரம் ஆன பிறகு, கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது, ஜெயித்தது ஸ்காட்தான் என்றார்கள். நாஸ்காரின் உச்சத் தொடரில் ஒரு கறுப்பரின் முதல் வெற்றி, பார்க்க யாரும் இல்லாத மைதானத்தில் அறிவிக்கப்பட்டது. பிறகு அவருக்குத் தந்த மரக் கோப்பை உண்மையான கோப்பை அல்ல.

இவர்கள் உட்கார்ந்து பேசும் இடத்தில் படம் என்ன சொல்கிறது? அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் ஓடியிருக்க மாட்டோம் என்கிறாள் லூயிஸ். கேட்டுக்கொண்டு நிற்பவள் க்ரூஸ். சின்ன வயதில் பந்தயத்தில் ஓட ஆசைப்பட்டு, மற்ற கார்களைப் பார்த்ததும் இது நமக்கான இடம் இல்லை என்று திரும்பி வந்தவள் அவள். பிறகு மற்றவர்களுக்குப் பயிற்சி தருவதே தன் வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டவள். தாமஸ்வில்லின் பேச்சு முழுவதும் அவள் காதுக்காகவே பேசப்பட்டது. மக்குவீனுக்காகப் போன பயணம் அவளுக்காக ஆகிவிடும் திருப்பம் அங்கேதான் நடக்கிறது. படத்தைப் பழம்பெருமை என்கிறவர்கள் க்ரூஸை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அவளை மறப்பது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் படமும் ஒரு மணி நேரமாக நமக்குக் காட்டிக்கொண்டு வந்தது.

ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. கார்களுக்குத் தோல் நிறம் கிடையாது. அதனால் வெண்டெல் ஸ்காட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் படத்தால் சொல்ல முடியவில்லை. ரிவர் ஸ்காட்டின் வாயில் ஓரிரு வரிதான் வருகிறது. அவர் ஏன் வேண்டாதவராக இருந்தார் என்று கேட்கும் குழந்தைக்குப் படத்தில் விடை இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், என்னால் முடிந்த அளவு. படத்தின் மீது நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு இதுதான், பழையதைக் கொண்டாடிவிட்டது என்பதைவிட, பழையதன் கொடுமையைப் பாதிதான் சொன்னது என்பது. விமர்சகர்கள் அதைச் சொல்லியிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.

அப்புறம் அந்தப் பாழடைந்த தோற்றம். சினிமாவுக்காகப் புல்லை வளர்த்து, பலகையைச் சாய்த்து வைத்த அலங்காரம் என்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கில் அப்படிப்பட்ட தடங்கள் வரைவதற்கு அவசியமே இல்லாமல் நிஜமாகக் கிடக்கின்றன. வடக்குக் கரோலினாவின் ஹில்ஸ்பரோவில், ஈனோ ஆற்றங்கரையில் ஆக்கனீச்சி ஸ்பீட்வே. 0.9 மைல் மண் தடம். நாஸ்காரின் முதன்மைத் தொடர் தொடங்கிய 1949இலேயே அங்கே பந்தயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை எதிர்த்து உள்ளூர்ப் பாதிரியார்கள் விடாமல் போராடினார்கள். 1968 செப்டம்பரில் கடைசிப் பந்தயம். ஜெயித்தவர் ரிச்சர்ட் பெட்டி, முதல் ‘கார்ஸ்’ படத்தில் தி கிங் என்ற நீல நிறக் காருக்குக் குரல் கொடுத்தவர். இன்று அந்தத் தடத்தில் பைன் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. ஜனங்கள் அங்கே காலாற நடக்கிறார்கள். வளைவின் மேட்டில் நின்றால் மட்டுமே இங்கே கார் ஓடியது என்று தெரியும். 1970க்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடர் மண் தடத்தை அடியோடு விட்டுவிட்டது. 2021இல்தான் திரும்பி வந்தது, அதுவும் பிரிஸ்டலின் கான்கிரீட் மேல் லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டி, மூன்று வருடம் ஓட்டிவிட்டு அதையும் விட்டுவிட்டார்கள்.

நார்த் வில்க்ஸ்பரோவின் கதை இன்னும் நெருக்கமானது. மலைக்காரர்களின் தடம், ஜூனியர் ஜான்சனின் வீட்டு வாசல். அதை வாங்கிய இரண்டு முதலாளிகளுக்கு வேண்டியிருந்தது அந்தத் தடத்துக்கு ஒதுக்கியிருந்த பந்தய நாட்கள்தான். 1996 செப்டம்பர் 29இல் கடைசிப் பெரிய பந்தயம் நடந்தது. அதன்பின் ஒரு நாளை டெக்ஸஸுக்கும் இன்னொரு நாளை நியூ ஹாம்ப்ஷயருக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள். தார் வெடித்து இடுக்கில் களை முளைத்தது, கூரை சரிந்தது. ‘கார்ஸ் 3’ வெளிவந்த 2017இல் அந்தத் தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தாமஸ்வில் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

பழையதா புதியதா என்று படத்தை இரண்டாகப் பிளந்து பேசுகிறவர்களுக்கு நார்த் வில்க்ஸ்பரோவே பதில் சொல்லிவிட்டது. 2019 டிசம்பரில் நாஸ்கார் வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் சில பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கையுறை போட்டுக்கொண்டு தார் இடுக்கில் இருந்த களையைப் பிடுங்கினார்கள். எதற்கு? தடத்தை லேசரால் அளந்து சிமுலேட்டரில் ஏற்றுவதற்கு. களை மூடியிருந்தால் அளவு சரியாக வராது. ஐரேஸிங் என்ற பந்தய சிமுலேட்டரில் அடுத்த வருடமே நார்த் வில்க்ஸ்பரோ வந்துவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஓடினார்கள். தடத்தின் பேச்சு மறுபடி எழுந்தது. அரசு பழுது பார்க்கப் பணம் ஒதுக்கியது, 2022இல் உள்ளூர்ப் பந்தயங்கள் திரும்பின, 2023 மே 21இல் நாஸ்காரின் ஆல் ஸ்டார் பந்தயம் அங்கே நடந்தது, கைல் லார்சன் ஜெயித்தார்.

செத்த தடத்தை எழுப்பியதில் சிமுலேட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. படத்தில் வருவதும் அதேதான், பார்க்கக் கண் வேண்டும். சிமுலேட்டர் கூடத்தில் வளர்ந்த க்ரூஸ்தான் தாமஸ்வில் மண்ணைக் கற்றுக்கொண்டு கடைசியில் ஜெயிக்கிறாள். அதே மண் தடத்தில் ஒரு காலத்தில் டாக் சுவரோடு நெருக்கப்பட்டபோது ஒரு புரட்டுப் புரண்டு எதிரியின் தலைக்கு மேலாகத் தாண்டி முன்னால் போனார் என்று அவள் அங்கே கேள்விப்பட்டிருந்தாள். ஸ்டார்ம் அவளைச் சுவரோடு நசுக்கும்போது அவளும் புரள்கிறாள். புதியவளின் உடம்பில் பழையவரின் வித்தை. அந்தக் காட்சிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இந்த வரலாற்றில் இருப்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் ஓட்டியதை எல்லோரும் சொல்வார்கள். 2010இல் அவர் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓடினார், இந்தியாவில் பிறந்து நாஸ்காரில் ஓடிய முதல் ஆள். முதல் பந்தயம் நடந்தது வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில். 1947இல் மண் தடமாகத் திறந்து பின்னால் தார் போட்ட இடம் அது. முதன்மைத் தொடர் தொடங்கிய 1949இலிருந்து இடைவிடாமல் அந்தத் தொடரில் இருந்துவரும் தடம் அது ஒன்றுதான். வெண்டெல் ஸ்காட்டின் டான்வில்லும் பக்கத்து ஊர்தான். நரேன் 13ஆவதாக வந்தார். அந்த வருடம் டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். ‘அமெரிக்காக்காரனின் செம்மண் நமக்கு எதற்கு’ என்று என்னிடம் கேட்ட நண்பருக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

படத்தின் கடைசிப் பந்தயம் நடக்கும் ஃப்ளோரிடாத் தடம் டேட்டோனாவின் சாயலில் வரைந்தது. க்ரூஸ் அங்கே கோட்டைத் தாண்டும்போது கொடி அசைகிறது, ஜனம் எழுந்து நிற்கிறது, பெயர் அப்போதே அறிவிக்கப்படுகிறது. படம் வந்து நாலு வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில், நிஜ டேட்டோனாவில் பந்தயம் தொடங்குமுன் வெண்டெல் ஸ்காட்டின் குடும்பத்தாரை அழைத்து 1963 வெற்றிக்கான கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். ஸ்காட் இறந்து 30 வருடம் தாண்டியிருந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.